மூத்தவர் மேடையேறினார்

மூத்தவருக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு, அவரை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள் சுத்தக்காரி. மூத்தவர் என்றால் ஆள் இல்லை. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி. அடியில் மங்கிய மஞ்சளில் கொஞ்சம் தூள். குப்பிக்கு ஒரு உறை, உறைக்கு ஒரு ஐஸ் பெட்டி, பெட்டிக்கு டாக்சியின் பெல்ட். முன்சீட்டிலிருந்து பேராசிரியர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"மூத்தவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் சார்."

"வளைவுல திரும்பும்போது கெட்டியா புடிச்சுக்கோம்மா."

அவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள். மூன்று வருடமாக அந்த லேபில் அவள் விழுந்தாளா எழுந்தாளா என்று ஒருவரும் கேட்டதில்லை. மூத்தவரை மட்டும் காலையும் மாலையும் குசலம் விசாரிப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பேராசிரியர் தன் கையாலேயே செய்த மருந்து அது. முதல் பேட்ச். அதற்கப்புறம் அவர் கை குடுவையைத் தொடவில்லை, மைக்கைத்தான் தொட்டது. மருந்தின் பெயர் முன்னூற்றுப் பன்னிரண்டு. பரம்பரையாக வரும் சிறுநீரக நோய் ஒன்றில், உடம்பிலுள்ள ஒரு நொதி வரம்பு மீறி ஆட்டம் போட்டு, சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அந்த நொதியைச் சோதனைக் குழாயில் எடுத்து, மூத்தவரைக் கரைத்து ஒரு துளி போட்டால், பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். இந்த அடக்கத்தை வைத்து இதுவரை பதினோரு கட்டுரை, இரண்டு விருது, நாளிதழில் அரைப்பக்கப் பேட்டி, பேராசிரியருக்கு ஜன்னல் வைத்த மூலை அறை எல்லாம் வந்தாயிற்று.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான். மூத்தவரைத் தவிர வேறு எந்தக் குப்பியும் வேலை செய்யவில்லை.

மூத்தவர் தீர்ந்துகொண்டே வந்ததால், அதே மருந்தைப் புதிதாகச் செய்வதற்குத்தான் இவளை வேலைக்கு எடுத்தார்கள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கண்ணாடிச் சாமானை ஆறு தண்ணீரில் அலசுவாள். செய்த பொருளை மூன்று தரம் வடித்து எடுத்தும் திருப்தி வராமல் நாலாவது தரம் வடிப்பாள். சுத்தக்காரி என்று பெயர் வைத்தது லேபில் எல்லோரும் சேர்ந்துதான். மூன்று வருடத்தில் பதினான்கு பேட்ச் செய்தாள். பதினான்கும் பால் வெள்ளை. பதினான்கையும் நொதியின் மேல் போட்டார்கள். நொதி ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டு போயிற்று.

பேராசிரியர் திட்டமாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை. உச்சுக்கொட்டுவார். "சில பேருக்குக் கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. அத சொல்லிக் குடுக்க முடியாது." முப்பது வருடம் அறிவியல் கற்றுக் கொடுத்த வாய் அது. அந்த வாயிலிருந்து வந்ததால் லேப் முழுக்க அதை நம்பியது. தட்டில் உயிர்ச் செல்கள் வளர்ப்பவர்கள் அவள் அந்தப் பக்கம் போனால் தட்டை மூடினார்கள். புதிதாக வந்த இயந்திரத்தின் பொத்தானை முதலில் அமுக்க அவளை விடவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், போகப் போக அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்து அழுதிருக்கிறாள்.

இந்த மாதக் கடைசியோடு அவள் வேலை முடிகிறது. இன்று மத்தியானம் மருந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானால் இன்னும் மூன்று வருடம் நீளும். ஆகாவிட்டால் கண்ணாடிச் சாமானை ஏழாவது தண்ணீரில் அலசி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வாரம் அவள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். மூத்தவரின் அந்த அழுக்கு மஞ்சள் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் பேட்செல்லாம் வெள்ளையாக இருக்க, இவர் மட்டும் ஏன் துவைக்காத சட்டை மாதிரி இருக்கிறார்? யாரும் இல்லாத நேரம் பார்த்து மூன்று மில்லிகிராம் கிள்ளி, கீழ்த்தளத்தில் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பினாள். ஒரு தாள் வந்தது. மூத்தவரின் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு துத்தநாகம். பக்கெட்டுக்கு முலாம் பூசுகிற அதே துத்தநாகம், லேப் வழக்கில் ஜிங்க்.

இந்த மருந்து செய்யும்போது கடைசிப் படியில் துத்தநாகப் பொடி போடுவது உண்டு. போட்டால் அப்புறம் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அன்றைக்கு பேராசிரியருக்கு என்ன அவசரமோ, கழுவவில்லை. சுத்தக்காரி அலமாரியிலிருந்து வெறும் துத்தநாக உப்பை எடுத்து, மருந்தே போடாமல், நொதியின் மேல் விட்டுப் பார்த்தாள். நொதி சுருண்டு படுத்தது. குளிர்பெட்டியில் இருந்த வேறு ஆறு நொதிகளின் மேல் விட்டாள். ஆறும் படுத்தன. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பொருளை மூத்தவரோடு சேர்த்துப் போட்டாள். மூத்தவர் வெறும் தூளானார். ஆக, முன்னூற்றுப் பன்னிரண்டு எந்தக் காலத்திலும் எதையும் அடக்கியதில்லை. அவள் செய்த பதினான்கு பேட்சும் சரியாகத்தான் வந்திருக்கின்றன. கழுவியதுதான் அவள் செய்த குற்றம்.

திங்கட்கிழமை தாளை எடுத்துக்கொண்டு மூலை அறைக்குப் போனாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஜிங்க் உடம்புக்கு நல்லதுதானே?" என்றார்.

"சார், மருந்தே இல்ல சார். ஜிங்க் கண்ட எடத்துலயும் ஒட்டும். உடம்புக்குள்ள ஆயிரம் நொதி இருக்கு, அதுல இத மட்டும் தேடிப் புடிக்கிற புத்தி அதுக்குக் கிடையாது."

"கையெழுத்து ஆகட்டும்மா. உண்மை எங்கயும் ஓடிப் போகாது. கம்பெனிக்காரங்க ஓடிப் போயிடுவாங்க." தாளை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, அன்றுதான் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "ஆமா, யாரக் கேட்டு மூத்தவர் மேல கை வச்ச?"

கருத்தரங்கத்தின் பெயர் 'பாலம்'. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கும் நடுவே பாலம் கட்டுவதாக ஐந்து வருடமாகச் சொல்லி, வருடத்துக்கு இரண்டு நாள் கட்டுகிறார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பாலத்தின் படம். நன்றாகத்தான் இருந்தது, நடுவில் ஒரு துண்டைக் காணோம். கட்டி முடிப்பதற்கு முன் எடுத்த புகைப்படம் என்பது படத்தைத் தேர்ந்தெடுத்தவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

வரவேற்பு மேஜையில் கழுத்துக்கு ரிப்பன் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பச்சை, கம்பெனிக்கு நீலம். மஞ்சள் ரிப்பன் ஒன்றே ஒன்று மேஜை ஓரத்தில் கிடந்தது. 'நோயாளிகளின் குரல்' என்று எழுதியிருந்தது.

பத்தேமுக்காலுக்கு 'கலந்துறவாடும் இடைவேளை' வந்தது. பச்சைகள் பச்சைகளோடு பிஸ்கட் தட்டுப் பக்கம் போனார்கள். நீலங்கள் நீலங்களோடு ஜன்னல் பக்கம் போய் போனை எடுத்தார்கள். ஒரு பச்சையும் ஒரு நீலமும் மட்டும் காபி இயந்திரத்தின் முன்னால் எதிரும் புதிருமாக வந்து நின்றன. பச்சை சுத்தக்காரி. நீலம் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

அத்தானுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. முன்னூற்றுப் பன்னிரண்டைப் பரிசோதிக்கிற குழுவே அவருடையது. இருவரும் தங்கள் தங்கள் இடத்தில், ஆராய்ச்சியைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று மூன்று வருடமாகப் பேசிவருகிறார்கள். அக்காவின் உத்தரவு அது. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? வாய மூடிட்டு சாப்பிடுங்க."

இன்றைக்கு அவளால் மழையைப் பற்றிப் பேச முடியவில்லை.

"அத்தான், நான் இத சொல்லக் கூடாது. சொல்லலைன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். மூத்தவர்ல மருந்து வேலை செய்யல. ஜிங்க்தான் வேலை செய்யுது."

அத்தான் பிஸ்கட்டைக் காபியில் தோய்த்து, உடைந்து விழாமல் பதனமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒம்போது சதவீதம். உங்க சார் பரிசோதனைக்குன்னு ஒரு சிட்டிகை குடுத்தார்ல. நாங்களும் தனியா செஞ்சு பாத்தோம், ஓடல. அப்புறம் அவர் குடுத்ததுல உலோகம் இருக்கான்னு பாத்தோம். முதல் வேலையா அதத்தானே பாக்கணும்?"

"எப்ப பாத்தீங்க?"

"போன வருஷம் மார்ச்."

சுத்தக்காரி விரல் விட்டு எண்ணினாள். போன வருடம் மார்ச்சில் அவள் எட்டாவது பேட்சை முடித்திருந்தாள். அப்படியென்றால் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு.

"ஆறு பேட்ச் அத்தான்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க எதுர்லதானே உக்காந்திருந்தேன்? என் கைதான் சரியில்லைன்னு அழுதேனே, நீங்க என்ன பண்ணீங்க? டிஷ்யூ பெட்டிய என் பக்கமா நகத்தி வச்சீங்க."

"நானும் எழுதிக் குடுத்திருக்கேன்ல?" என்றார் அத்தான். நல்ல மனிதர். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. "எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருந்துது?"

"தெரிஞ்சும் எதுக்கு இன்னிக்குக் கையெழுத்து?"

அத்தான் சுற்றிலும் பார்த்துக் குரலை இறக்கினார். "எங்களுக்கு மருந்து வேணாம்மா. பல்கலைக்கழகத்தோட கூட்டு சேந்திருக்கோம்னு ஒரு செய்தி வேணும். உங்களுக்கு ஒரு கம்பெனி வேணும். மூணு வருஷம் கழிச்சு, எங்க கொள்கைய மாத்திக்கிட்டோம்னு ஒரு கடுதாசி அனுப்பி மெதுவா மூடிடுவோம். யாரும் தோத்ததா ஆகாது. யாருக்கும் நஷ்டமில்ல. உனக்கு மூணு வருஷம் வேலை நிக்கும். உங்க அக்காவும் நிம்மதியா இருப்பா."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நிமிடம் சுத்தக்காரிக்கு நிம்மதியாகவும் இருந்தது. கை சரியாக இருக்கிறது, வேலையும் இருக்கப் போகிறது, ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு இவள் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? காபியை வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மஞ்சள் ரிப்பனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்காரர், பஸ் ஓட்டுபவர். மடிப்புக் கலையாத சட்டை, புது செருப்பு. அவருக்கு ஐந்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. அவருக்கு முன்னால் பேசியவர் கூட்டு ஆராய்ச்சியில் காலத்தின் அருமை என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டதால், டிரைவருக்கு இரண்டு நிமிடம் மிஞ்சியது. அமைப்பாளர்கள் எழுதிக் கொடுத்த தாளை அவர் எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். அதில் 'நம்பிக்கை' என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்கு எழுந்து போனார்கள்.

அவர் சாப்பிடப் போகவில்லை. கழுத்து அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்து, சுத்தக்காரியின் அட்டையில் லேபின் பெயரைப் பார்த்ததும் நின்றார்.

"முன்னூத்தி பன்னெண்டு செய்யறது நீங்களாம்மா?"

"ஆமாங்க."

"உங்க கையாலயே?"

அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கையை அவர் ஒரு கணம் மரியாதையாகப் பார்த்தார். மூன்று வருடத்தில் அந்தக் கையை அப்படி யாரும் பார்த்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். பேராசிரியரின் அரைப்பக்கப் பேட்டி. 'இரண்டே ஆண்டுகளில் மாத்திரை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே மூத்தவரின் படம்.

"எம் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசும்மா. அவ அம்மாவுக்கும் இதே வியாதிதான், போய்ச் சேந்துட்டா. என் கிட்னி பொண்ணுக்குப் பொருந்துதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வருஷத்துக்குள்ள பண்ணிடணும், அவ ஒடம்பு தளந்துபோச்சுன்னா தாங்காதுங்கறார். இவதான் புடிவாதம் பிடிக்கறா. 'அப்பா, ஒரு கிட்னிய குடுத்துட்டு நீ எப்படி பஸ் ஓட்டுவ? மாத்திரை வருதுன்னு போட்டிருக்கான்ல, ரெண்டு வருஷம் பொறுத்துக்கலாம்'ங்கறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா." அவர் காகிதத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அதான் இங்க கூப்பிட்டதும் லீவு போட்டுட்டு வந்தேன். செய்யறவங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னு. ரெண்டு வருஷத்துல வந்துருமாம்மா?"

யாருக்கும் நஷ்டமில்லை என்று அத்தான் சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

சுத்தக்காரி வாயைத் திறந்தாள்.

"ஆராய்ச்சி போயிட்டிருக்குங்க. இப்ப எதையும் உறுதியா சொல்றதுக்கில்ல" என்றாள்.

அதைச் சொன்னதற்காக உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் வேலை போனதில்லை. டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும்மா. போயிட்டிருக்குன்னு சொன்னீங்கல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சுத்தக்காரி சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டாள். தட்டை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கழுவுமிடத்தில் கையைக் கழுவினாள். இரண்டாவது தரம் கழுவினாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு மூத்தவர் மேடையேறினார். வெல்வெட் துணி விரித்த சின்ன மேஜை, மேலே ஒரு விளக்கு. பேராசிரியர் குப்பியை இரண்டு கையாலும் எடுத்தார். "என் ஒன்பது வருடக் கனவை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கம்பெனியின் தலைவி, போன வருடம் மார்ச்சிலிருந்தே அது பக்கெட் முலாம் என்று தெரிந்தவர், பச்சைக் குழந்தையை வாங்குகிற பக்குவத்தோடு வாங்கினார். புகைப்படக்காரர் திருப்திப்படவில்லை. திருப்பிக் கொடுத்து இன்னொரு தரம் வாங்கச் சொன்னார். கொடுத்தார்கள், வாங்கினார்கள்.

"கையெழுத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு கேள்விகள்?" என்றார் அவைத்தலைவர், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்.

சுத்தக்காரி எழுந்தாள். மூன்று வரிசை முன்னால் அத்தான் குனிந்து தன் ஷூவின் கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். மைக் வந்தது.

"முதல் பேட்சில் எடைவீதம் ஒன்பது சதவீதம் துத்தநாகம் இருக்கிறது" என்றாள். மைக்கைப் பிடித்ததும் அவள் நாக்கில் அவர்கள் பாஷைதான் வந்தது. "உலோகப் பிடிப்பானைச் சேர்த்தால் நொதித் தடுப்பு முற்றிலும் மறைகிறது. தனித் துத்தநாக உப்பும் அதே வளைகோட்டைத் தருகிறது. தூய்மையான பதினான்கு பேட்சுகளும் செயலற்றவை. தரவு என்னிடம் இருக்கிறது." நாலாக மடித்த தாளைத் தூக்கிக் காட்டினாள்.

இதோ, போயிற்று வேலை என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூரை இடிந்து விழும், பேராசிரியர் மயங்கி விழுவார், கம்பெனிக்காரர்கள் எழுந்து ஓடுவார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்தாள். ஒரு மண்ணும் நடக்கவில்லை.

"மிக அருமையான அவதானிப்பு!" என்றார் அவைத்தலைவர்.

பேராசிரியர் மைக்கை வாங்கினார். ஒரு வினாடி அவர் முகத்தில் ஈயாடவில்லை, அவ்வளவுதான். "எங்கள் குழு நெடுநாளாகவே உலோகத்தின் பங்கை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது" என்றார். நெடுநாள் என்று அவர் சொன்னது திங்கட்கிழமையை. "முன்னூற்றுப் பன்னிரண்டு தனியாக இயங்குவதில்லை. உலோகத்தோடு கைகோத்து இயங்குகிறது. இது மருந்தியலில் ஒரு புதிய திசை."

தலைவி குப்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "ஒரு இளம் ஆராய்ச்சியாளர் இவ்வளவு பேர் முன்னால் இத்தனை வெளிப்படையாகப் பேசுகிறார். இதற்குத்தான் பாலம்!" கைதட்டல் அரங்கத்தைப் பிய்த்தது. ஒப்பந்தத்தில் 'மற்றும் உலோகம்' என்று பேனாவால் இரண்டு சொல் சேர்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, கையெழுத்திட்டார்கள். நாளின் சிறந்த கேள்விக்கான பரிசு என்று சுத்தக்காரியை மேடைக்கு அழைத்து, நடுத்துண்டு இல்லாத பாலத்தின் படம் போட்ட ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள்.

"பதினஞ்சாவது பேட்ச் நீயே செஞ்சுடு" என்று பேராசிரியர் சிரித்த முகத்தோடு, புகைப்படத்துக்கு நின்றபடியே அவள் காதில் சொன்னார். "மூணு வருஷம் இருக்கு, அவசரமில்ல. ஆனா கழுவிடாத."

மேடையிலிருந்து அவள் கீழே பார்த்தாள். கடைசி வரிசையில் டிரைவர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் தட்டினார்.

எடைவீதம், பிடிப்பான், வளைகோடு. சொன்னாளே, நன்றாகச் சொன்னாளே! அரங்கத்தில் இருநூறு பேர். அதில் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும், தெரிந்தும் கவலைப்படாதவர்களுக்கும் புரியும்படி அட்சரம் பிசகாமல் சொன்னாள். தெரிந்தே ஆக வேண்டிய ஒரே ஆள் கைதட்டுகிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதில் பாதி அவள் மேலேயே.

பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். டிரைவர் வரவேற்பு மேஜையில் மஞ்சள் ரிப்பனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துக்கள்மா! பரிசெல்லாம் குடுத்தாங்களே."

"ஐயா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க." கண்ணாடிக் கதவோரம் கூட்டிக்கொண்டு போனாள். மூச்சு வாங்கியது. "மத்தியானம் நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. இப்ப சொல்றேன். மருந்து இல்ல."

"லேட்டாகுமா?"

"லேட் இல்லைங்க. இல்லவே இல்ல. ரெண்டு வருஷத்துலயும் இல்ல, இருபது வருஷத்துலயும் இல்ல. அந்தக் குப்பியில வேலை செஞ்சது மருந்து கிடையாது, கழுவாம விட்ட அழுக்கு. அது உங்க பொண்ணுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

டிரைவர் மேடை இருந்த திசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எல்லாரும் கைதட்டினாங்களேம்மா?"

"ஆமாங்க. இததான் நான் அங்க சொன்னேன். அதுக்குத்தான் தட்டினாங்க."

டிரைவர் பேட்டிக் காகிதத்தை வெளியே எடுத்தார், மறுபடி பைக்குள் வைத்தார். கோபப்படுவார், கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் போனை எடுத்து ஒரு எண்ணை அமுக்கி அவளிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா, கிட்னி குடுக்கறதுக்காகப் பொய் சொல்றேம்பா."

மறுமுனையில் எடுத்தாயிற்று. "அப்பா? என்ன சொன்னாங்கப்பா?"

"அப்பா பக்கத்துல இருக்காரும்மா. நான் அந்த லேப்ல வேலை பாக்கறவ. முன்னூத்தி பன்னெண்ட செய்யறது நான்தான்." சுத்தக்காரி நெற்றியைக் கண்ணாடிக் கதவில் சாய்த்துக்கொண்டாள். "பதினாலு தடவை செஞ்சேன். பதினாலு தடவையும் சரியாத்தான் செஞ்சேன். அது வேலை செய்யல. அது மருந்தே இல்லம்மா. அதுக்காக நீ காத்திருக்காத. அப்பா குடுக்கறத வாங்கிக்கோ."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷமா காத்திருக்கேன்" என்றது அந்தக் குரல். குழந்தைக் குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. "எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு ஒரு வாரமா."

"வேற யாருக்கும் முன்னாடியே தெரியாதா?"

படிக்கட்டில் அத்தான் இறங்கி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் நீல ரிப்பன், தோளில் பை. இவளைப் பார்த்ததும், வெளியாட்கள் முன்னால் எப்போதும் செய்வது போல, பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பி நடந்தார்.

"தெரியும்மா. ஒரு வருஷத்துக்கு மேலயே தெரிஞ்ச ஒருத்தர் இங்கயே இருக்கார். இரு, அவர்கிட்டயே கேளு" என்றாள் சுத்தக்காரி. "அத்தான்!"

கூடத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள். அத்தான் நின்றார். அவள் நேரே போய்ப் போனை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். பின்னாலேயே டிரைவரும் வந்து நின்றார்.

"யாரு?" என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி.

"இவரோட பொண்ணு. பத்தொம்பது வயசு. மாத்திரை வரும்னு ஆபரேஷன தள்ளிப் போட்டிருக்கா. எப்பலேர்ந்து தெரியும்னு கேக்கறா."

அத்தான் போனைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த காகிதம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். டிரைவரைப் பார்த்தார். டிரைவர், பஸ்ஸில் சில்லறைக்கு நிற்கிற பயணியைப் போல, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் சன்னமாக, "ஹலோ? யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டது.

அத்தான் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"ஹலோ" என்றார். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.